தும்மினேன், வேட்டையாடினேன்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. அசோசியேஷன் கூட்டத்தில் ஏதாவது புது வேலை கிளம்பி, "இதை யார் எடுத்துக்கறீங்க?" என்று செக்ரட்டரி கேட்டதும் ஒரு மௌனம் விழும். அந்த மௌனத்தில் யார் முதலில் அசைகிறாரோ, அவர் தலையில் வேலை விழும். அதனால் யாரும் இரும மாட்டார்கள். மூக்குக் கண்ணாடியைத் துடைக்க மாட்டார்கள். கொசு கடித்தால் கடிக்க விட்டுவிடுவார்கள். முந்தின வருஷம் சம்ப் சுத்தம் செய்யும் பொறுப்பு ஏ-4 காரருக்குப் போனது, அவர் ஒரு கொசுவை அடித்ததால்தான்.

போன மே மாதக் கூட்டத்தில் நான் தும்மினேன்.

"வெரிகுட்! ஸார் எடுத்துக்கறார். எழுதிக்கோங்க" என்றார் செக்ரட்டரி. எழுதிக்கொள்ள வேண்டியவனும் நான்தான். ஆபீசில் பதினெட்டு வருஷமாக சர்க்குலர் டிராஃப்ட் பண்ணுகிறவன் என்பதால் மினிட்ஸ் புத்தகம் நிரந்தரமாக என் மடியில் இருக்கிறது.

விஷயம் இதுதான். செக்ரட்டரி அதற்கு முந்தின வருஷம் அமெரிக்கா போய் மகள் வீட்டில் ஆறு மாசம் இருந்துவிட்டு வந்தவர். அங்கே ஒரு பிறந்தநாள் விழாவில் 'ஸ்கேவஞ்சர் ஹன்ட்' என்று ஒரு விளையாட்டைப் பார்த்திருக்கிறார். நம் குழந்தைகள் லீவு முழுக்க செல்போனும் கையுமாகக் கிடக்கின்றன, ஸ்கூல் திறப்பதற்குள் அதை இங்கே ஒரு தடவை நடத்திவிட வேண்டும் என்றார்.

"ஸ்கேவஞ்சர்னா குப்பை அள்றவங்கதானே? அதுக்குத்தான் கார்ப்பரேஷன் ஆளுங்க தினம் வர்றாங்களே" என்றார் சி-2 மாமி.

அது வேறு, இது வேறு என்று அவருக்குப் புரிய வைப்பதற்குள் காபி ஆறிவிட்டது. பிறகு செக்ரட்டரி விதிமுறைகளைச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். "பங்கேற்பாளர்கள்: குடியிருப்போரின் குழந்தைகள் மட்டும்."

பேனா ஒரு விநாடி நின்றது. எங்கள் கேட்டுக்கு உள்ளே குடியிருப்போர் பட்டியலில் இல்லாத குழந்தை ஒன்றே ஒன்றுதான். மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் எட்டுக்குப் பத்து அறையில் இருக்கும் வாட்ச்மேனின் மகள். அதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். சொன்னால் அரைமணி நேரம் விவாதம் நடக்கும். வீட்டில் அடை வார்த்துக்கொண்டிருந்தார்கள். பேனா மறுபடி ஓடிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் என் பெண் கேட்டாள். ஐந்தாவது படிக்கிறாள். "மோட்டார் ரூம் அக்காவும் ஆடலாமாப்பா?"

"அது அசோசியேஷன் தீர்மானம்மா. மெம்பர்ஸ் பசங்க மட்டும்தான்."

"தீர்மானத்தை யார் எழுதினா?"

"நான்தான்."

"அப்ப மாத்தி எழுத வேண்டியதுதானே?"

ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளுக்கு நிர்வாகம் புரியாது. "அடை சாப்பிடு" என்றேன்.

* * *

மறுநாள் ஆபீசில் ஆராய்ச்சியில் இறங்கினேன். ஆபீஸ் நேரத்தில் செய்கிற ஆராய்ச்சிக்கு உள்ள ருசி வேறு எதற்கும் கிடையாது.

எல்ஸா மாக்ஸ்வெல் என்று ஓர் அமெரிக்கப் பெண்மணி. பணக்காரர்களுக்குப் பார்ட்டி நடத்திக் கொடுப்பதையே பிழைப்பாக வைத்திருந்தவர். 1920-களிலும் 30-களிலும் இந்த விளையாட்டைப் பெரிய இடங்களில் பரப்பிய பெருமையை அவருக்குத்தான் தருகிறார்கள். ஒரு பட்டியலைக் கையில் கொடுத்து, இன்ன நேரத்துக்குள் இதையெல்லாம் கொண்டு வா என்று ஊருக்குள் விரட்டிவிடுவார். கோட்டு சூட்டுப் போட்ட கனவான்களும் பட்டுக் கவுன் போட்ட சீமாட்டிகளும் ராத்திரி நேரத்தில் தெருத்தெருவாக ஓடுவார்கள்.

1936-இல் இதை வைத்து ஒரு சினிமாவே எடுத்தார்கள். 'மை மேன் காட்ஃப்ரே' என்று பெயர். அமெரிக்காவில் பொருளாதாரம் படுத்து, வேலை இல்லாதவர்கள் குப்பைமேட்டில் குடியிருந்த காலம். பெரிய ஹோட்டலில் பார்ட்டி. பட்டியலில் 'மறக்கப்பட்ட மனிதன் ஒருவன்' என்று ஒரு ஐட்டம். பணக்காரச் சகோதரிகள் இருவர் காரைப் போட்டுக்கொண்டு குப்பைமேட்டுக்கு வருகிறார்கள். அங்கே இருக்கும் வில்லியம் பவலிடம் மூத்தவள் ஐந்து டாலர் தருகிறேன், என்னோடு வா என்கிறாள். அவர் முறைக்கிற முறைப்பில் அவள் பின்வாங்கிச் சாம்பல் குவியலில் விழுகிறாள். கடைசியில் இளையவளுக்காக அவர் வருகிறார். ஹோட்டலில் ஒருத்தி ஆட்டை இழுத்து வந்திருக்கிறாள். அந்த ஆட்டைப் பரிசோதிப்பது போலவே மேடையில் வைத்து இவரையும் பரிசோதித்துப் பாயின்ட் போடுகிறார்கள்.

'என்ன மனுஷங்கடா!' என்று உச்சுக் கொட்டிவிட்டு லஞ்ச் சாப்பிடப் போனேன்.

இந்த வேட்டையில் இரண்டு ஜாதி உண்டு என்பது சாப்பிட்டு வந்த பிறகு தெரிந்தது. ஒன்று, புதையல் வேட்டை. ஒரு துப்பு அடுத்த துப்புக்கு அழைத்துப் போகும்; முடிவில் புதையல். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் துப்பை விடுவிப்பது எப்போதும் ஒரே ஒரு கெட்டிக்காரப் பிள்ளைதான். மற்றவர்கள் அவன் பின்னால் ஓடுவார்கள். முதலில் வந்தவன் துப்புச் சீட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டால் மற்ற அணிகள் அதோடு காலி.

பெரியவர்களே இதில் ஒழுங்காக ஆடியதில்லை. 1979-இல் இங்கிலாந்தில் கிட் வில்லியம்ஸ் என்ற ஓவியர் 'மாஸ்கரேட்' என்று ஒரு படப் புத்தகம் போட்டார். ஒரு தங்க முயலைச் செய்து மண்ணில் புதைத்துவிட்டு, அது இருக்கும் இடத்தைப் படங்களுக்குள் புதிராக ஒளித்து வைத்தார். ஜனங்கள் மண்வெட்டியும் கையுமாக நாடு முழுக்கத் தோண்டினார்கள். 1982-இல் ஆம்ப்ட்ஹில் என்ற ஊரின் பார்க்கில் ஒருவர் முயலை எடுத்தார். அவர் புதிரை விடுவிக்கவே இல்லை. ஓவியரின் பழைய சிநேகிதி வழியாகத் துப்புக் கிடைத்துத்தான் எடுத்தார் என்பது 1988-இல் அம்பலமானது. பெரியவர்களே இப்படியென்றால் பி பிளாக் இரட்டையர்களைப் பற்றிச் சொல்ல வேண்டாம்.

இரண்டாவது ஜாதி, பட்டியல் வேட்டை. இருபது சாமான் எழுதிக் கொடுத்துவிட வேண்டியது. எந்த வரிசையில் வேண்டுமானாலும் தேடலாம். ஐந்து வயசுக்காரன் குனிந்து பொறுக்க ஒன்று, பன்னிரண்டு வயசுக்காரி யோசித்துக் கண்டுபிடிக்க ஒன்று. இதுதான் நமக்குச் சரி என்று முடிவு செய்தேன். பட்டியலில் அடக்கம் வேண்டும் என்பதும் தெரிந்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1987-இலிருந்து வருஷா வருஷம் இந்த வேட்டை நடக்கிறது. 1999-இல் பட்டியலில் அணு உலை ஒன்றையும் விளையாட்டாகச் சேர்த்துவிட்டார்கள். பௌதிகம் படிக்கும் இரண்டு பையன்கள் நிஜமாகவே சின்னதாக ஒன்றைச் செய்து கொண்டுவந்து வைத்தார்கள். எங்கள் குடியிருப்பில் ஜெனரேட்டருக்கே பர்மிஷன் கிடைக்கவில்லை.

* * *

இனி நீங்களும் என்றைக்காவது தும்மித் தொலைக்கலாம் என்பதால், நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்லிவிடுகிறேன்.

அணிக்கு நான்கு பேர் போதும். ஆறு பேர் இருந்தால் இரண்டு பேர் வேடிக்கைதான் பார்ப்பார்கள். ஒவ்வோர் அணியிலும் ஒரு பெரிசு, ஒரு பொடிசு கட்டாயம். அண்ணன் தம்பியை ஒரே அணியில் போடாதீர்கள். வேட்டையை விட்டுவிட்டு வீட்டுச் சண்டையைத் தொடர்வார்கள். கேட்டைத் தாண்டக்கூடாது. மொட்டை மாடி, சம்ப், மோட்டார் ரூம் மூன்றும் தடை. யார் வீட்டுக்குள்ளும் நுழையக்கூடாது. வாசலில் நின்று கேட்கலாம். செடியில் இருப்பதைப் பறிக்கக்கூடாது; கீழே விழுந்ததுதான் கணக்கு. உயிருள்ள எதையும் பட்டியலில் சேர்க்கக்கூடாது. சேர்த்தால் டப்பாவில் மரவட்டையோடு வந்து நிற்பார்கள். அணி சேர்ந்தே போக வேண்டும், பொடிசின் கையை விடக்கூடாது. மே மாத வெயிலில் நாலரைக்கு முன்னால் ஆரம்பிக்காதீர்கள். ஒரு பானைத் தண்ணீர் நடுவில் இருக்கட்டும். முக்கால் மணி நேரம் போதும். அதற்கு மேல் போனால் அழுகை ஆரம்பித்துவிடும்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது, கொடுப்பதற்கு முன்னால் நீங்களே ஒரு தடவை அந்தப் பட்டியலைத் தேடிப் பார்த்துவிட வேண்டும்.

அப்படித்தான் சனிக்கிழமை காலை கையில் பட்டியலோடு கீழே இறங்கினேன். கூழாங்கல், காய்ந்த சருகு, காக்கை இறகு, கொட்டாங்கச்சி, புங்கங்காய், குல்மோஹர் பூவில் வெள்ளையாக இருக்கும் அந்த ஒற்றை இதழ், இப்படி இருபது. தமிழிலேயே எழுதியிருந்தேன். பத்திரிகையில் எழுதுகிறவன் வேறு எதில் எழுதுவான்?

காம்பவுண்டுச் சுவர் ஓரமாகக் குனிந்து குனிந்து தேடினேன். ஏழு வருஷமாகக் குடியிருக்கிறேன். கார் ஷெட்டுக்குப் பின்னால் ஒரு தென்னை, ஒரு வேம்பு, இரண்டு பெயர் தெரியாத மரங்கள் இருக்கின்றன என்பதே அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

"என்ன சார் தேடறீங்க?"

வாட்ச்மேன் மகள். பக்கத்துத் தெரு அரசுப் பள்ளியில் ஆறாவது முடித்திருந்தாள். கையில் தண்ணீர்க் குடம்.

"புங்கங்காய்."

"இது பூவரசு சார். புங்கை அந்தப் பக்கம், டிரான்ஸ்ஃபார்மர்கிட்ட."

குடத்தை இறக்கி வைத்துவிட்டு வந்தாள். நான் ஒரு மணி நேரமாகக் கண்டுபிடிக்காததைப் பத்து நிமிஷத்தில் காட்டினாள். குல்மோஹர் பூவில் இதழைப் பிரித்துக் காட்டினாள். நாலு இதழ் சிவப்பு, ஒன்று மட்டும் வெள்ளையில் சிவப்புப் புள்ளி. பிறகு நடுவில் இருக்கும் கேசரங்களில் இரண்டை எடுத்து, ஒன்றின் தலையை மற்றதில் கோர்த்து இழுத்தாள். ஒன்றின் தலை பிய்ந்து விழுந்தது. "சண்டைக்கோழி சார். தலை போனவன் அவுட்" என்று சிரித்தாள்.

"இதையெல்லாம் வச்சு என்ன சார் பண்ணுவீங்க?"

"நாளைக்குப் பசங்களுக்கு ஒரு விளையாட்டு."

"ஓ" என்றாள். குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்த 'ஓ' எனக்கு நன்றாகக் கேட்டது. கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். பட்டியலில் பதினான்காவது ஐட்டம் மட்டும் சப்பென்று இருப்பதாகத் தோன்றியது. அதை அடித்துவிட்டு 'வாட்ச்மேனின் கையெழுத்து' என்று போட்டேன். குழந்தைகளுக்கு ஜாலியாக இருக்கும் அல்லவா?

அன்று சாயங்காலம் போய்ப் பரிசு வாங்கினேன். கலந்துகொள்கிற எல்லோருக்கும் ஆளுக்கொரு டிபன் டப்பா. பெயர்ப் பட்டியலில் இருபத்துநான்கு. கடைக்காரர், "இன்னொண்ணு சேர்த்துக்குங்க சார், இருபத்தஞ்சா ரவுண்டா போட்டுடலாம்" என்றார். நான் பட்டியலை மறுபடி எண்ணிப் பார்த்தேன். "இல்லை, இருபத்துநாலுதான்" என்றேன்.

* * *

ஞாயிற்றுக்கிழமை நாலரை மணி. செக்ரட்டரி விசில் ஊதினார். ஆறு அணிகள். அவருடைய அணி என்று சொல்ல வேண்டியதில்லை, அவருடைய பேரன் இருந்த அணி முதல் வரிசையில். பேரன் பெங்களூரில் இருக்கிறான், லீவுக்கு வந்திருந்தான். 'குடியிருப்போரின் குழந்தைகள் மட்டும்' என்ற விதிக்குள் அவன் எப்படி வந்தான் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பட்டியலைக் கொடுத்தேன். யாரும் ஓடவில்லை. இருபத்துநான்கு குழந்தைகளும் தாளைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

"அங்கிள், திஸ் இஸ் இன் டமில்" என்றது ஒரு குரல்.

"ஆமாம். அதுக்கென்ன?"

"எங்களுக்கு செகண்ட் லாங்குவேஜ் ஹிந்தி."

இன்னொருவனுக்குப் பிரெஞ்சு. என் பெண்ணுக்கே தமிழ் தாளம் போட்டுத்தான் வரும். எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் அடுத்த ஸ்டேஷன் வந்துவிடும். பன்னிரண்டு வயசு இரட்டையரில் ஒருவன் தைரியமாக, "எனக்குப் படிக்கத் தெரியும், வாங்கடா" என்று தன் அணியை இழுத்துக்கொண்டு ஓடினான்.

ஐந்து நிமிஷம் கழித்து பி-3 ஆடிட்டர் வீட்டு வாசலில் கலவரம். அந்த அணி காலிங் பெல்லை அடித்து, சம்சாரத்தோடு வந்து கதவைத் திறந்த ஆடிட்டரிடம், "அங்கிள், லிஸ்ட்ல காய்ந்த சரக்குன்னு போட்டிருக்கு. உங்க வீட்ல இருக்கும்னு எல்லாரும் சொல்வாங்க. ஒண்ணே ஒண்ணு குடுங்க" என்று கேட்டிருக்கிறது.

"சருகுடா! சருகு!" என்று நான் மூச்சிரைக்க மாடி ஏறிப் போய்ச் சேர்வதற்குள் ஆடிட்டரின் சம்சாரம் அலமாரியைச் சோதனை போட ஆரம்பித்துவிட்டார். ஆடிட்டர் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

இன்னோர் அணி டி பிளாக் தாத்தாவிடம் போய், "தாத்தா, அரக்கோணம் காயின் இருக்கா?" என்றது. "அரக்கோணத்துக்கு டிரெயின் டிக்கெட்தான் உண்டு" என்றார் தாத்தா. தாளை வாங்கிப் பார்த்து, 'அறுகோண நாணயம்' என்று புரிந்ததும் அவருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ள காசுகளும் 2011 ஜூன் 30-ஆம் தேதியோடு செல்லாமல் போய்விட்டன அல்லவா? எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்திருந்தார். சதுரமாக ஐந்து பைசா, ஓரம் வளைந்து வளைந்து பத்து பைசா, ஆறு மூலையோடு இருபது பைசா, அதை விடச் சின்னதாக மூன்று பைசா. ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை. அந்தக் காலத்தில் மூன்று பைசாவுக்கு என்னென்ன கிடைக்கும் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் வேட்டையில் பன்னிரண்டு நிமிஷம் போய்விட்டது. காசைக் கொடுக்கும்போது, திருப்பித் தருவதாக எழுதி வாங்கிக்கொண்டார்.

நான் கீழே இறங்கி வந்தபோது கேட் பக்கம் கூட்டம். செக்ரட்டரி என்னைக் கூப்பிட்டார். "என்ன சார் அங்கே கும்பல்?"

"கையெழுத்து வாங்கறாங்க, பதினாலாவது ஐட்டம்" என்றேன்.

கையெழுத்தும்தான் நடந்துகொண்டிருந்தது. வாட்ச்மேன் ஸ்டூலில் உட்கார்ந்து, ஒவ்வொரு தாளையும் தொடையில் வைத்து நீவி, இனிஷியலோடு முழுப் பெயரையும் நிறுத்தி நிதானமாகத் தமிழில் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அடுத்த ஆள், அடுத்த ஆள் என்று தாள்கள் நீண்டுகொண்டிருந்தன. வாங்கியவர்கள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தாளில் டிக் போட்டுக்கொண்டு நகர்ந்தார்கள். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு அந்த 1936 சினிமா ஞாபகம் வந்தது. மேடையில் நிற்கும் வில்லியம் பவலும் ஞாபகம் வந்தார். உச்சுக் கொட்டியவன் நான்தான். பதினான்காவது ஐட்டத்தை எழுதியவனும் நான்தான்.

ஆனால் கும்பல் அதற்காக மட்டும் இல்லை. ஸ்டூலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள் அவர் மகள். அவளைச் சுற்றி ஐந்து அணிகள்.

"அக்கா, இது என்னக்கா?"

"கூழாங்கல். வழவழன்னு உருண்டையா இருக்கும்ல, அது. மணல் கொட்டியிருக்காங்கள்ல, அங்க கிடக்கும்."

"அக்கா, இது?"

"கொட்டாங்கச்சி. தேங்கா ஓடு. உங்க அம்மாகிட்டக் கேளு."

எல்லா அணிக்கும் ஒரே மாதிரி படித்துச் சொன்னாள். என் பெண்ணின் அணிக்கு ஒரு வார்த்தை கூடச் சொல்லவில்லை. முந்தின நாள் எல்லா இடத்தையும் எனக்குக் காட்டியவள் அவள்தான். மணலைத் தவிர எந்த இடத்தையும் யாருக்கும் சொல்லவில்லை. வரிசையின் முன்னால் செக்ரட்டரியின் பேரன் நின்று, "ப்ளீஸ் அக்கா, ஒன் மோர் டைம்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தான். செக்ரட்டரி ஐந்து நிமிஷம் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அவளை எழுப்பி விட்டால் வேட்டையே நின்றுவிடும் என்பது அவருக்கும் தெரிந்துவிட்டது.

ஐந்தேகாலுக்கு விசில். பேரன் இருந்த அணி பதினெட்டு சாமானோடு முதல் பரிசு. நியாயமான வெற்றிதான், பையன் நன்றாகத்தான் ஓடினான். எல்லோருக்கும் டப்பா கொடுத்தேன். இருபத்துநான்கும் சரியாக இருந்தது. கேட் பக்கம் திரும்பிப் பார்த்தேன். ஸ்டூலில் வாட்ச்மேன் மட்டும் இருந்தார். தண்ணி லாரி வந்துவிட்டது, அவள் ஹோஸ் பைப்பைப் பிடிக்கப் போய்விட்டாள் என்றார்கள்.

* * *

திங்கட்கிழமை ஆபீசிலிருந்து வரும்போது அதே கடையில் அதே டப்பா ஒன்று வாங்கினேன். கேட்டில் வாட்ச்மேனிடம் நீட்டினேன். "பாப்பாவுக்கு."

"எதுக்கு சார்?"

"நேத்து எல்லாப் பசங்களுக்கும் குடுத்தோமே..."

அவருக்குக் கோபமெல்லாம் இல்லை. "அது ஆடினவங்களுக்குக் குடுத்தது சார். அவ ஆடலையே" என்றார். பிறகு நான் சங்கடப்படக் கூடாதே என்று நினைத்தாரோ என்னவோ, "ஆடினா வாங்கிக்குவா சார். பாப்பாவுக்கு வேற டப்பா இருக்கு" என்றார்.

டப்பாவோடு மாடி ஏறினேன். "எதுக்கு இன்னொண்ணு?" என்றாள் மனைவி. இன்றைக்கும் அதில்தான் எங்கள் வீட்டில் கடுகு இருக்கிறது.

அன்று ராத்திரி மினிட்ஸ் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தேன். 'குடியிருப்போரின் குழந்தைகள் மட்டும்.' பதினெட்டு வருஷ சர்வீசில் எத்தனையோ சர்க்குலரில் ஒரு வார்த்தையை மாற்றி ஒரு டிபார்ட்மென்ட்டையே உள்ளே வெளியே தள்ளியிருக்கிறேன். கூட்டத்தில் எழுந்து நின்று சண்டை போட எனக்கு வராது. டிராஃப்ட் பண்ண வரும்.

செப்டம்பர் கூட்டத்தில், காலாண்டு லீவில் இன்னொரு வேட்டை வைக்கலாம் என்று பேச்சு வந்தது. நான் செக்ரட்டரியின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டு மெதுவாகச் சொன்னேன். "ஸார், போன தடவை உங்க பேரன் விஷயத்துல ஒண்ணு ரெண்டு பேர் முணுமுணுத்தாங்க. வெளியூர்ப் பையன் எப்படி ஆடலாம்னு."

"யாரு?" என்று நிமிர்ந்தார்.

"அது எதுக்கு ஸார். விதியையே கொஞ்சம் சரி பண்ணிட்டா யாரும் பேச முடியாது." எழுதி வைத்திருந்ததைக் காட்டினேன். "பங்கேற்பாளர்கள்: அன்றைய தினம் குடியிருப்பு வளாகத்தில் தங்கியிருக்கும் குழந்தைகள் அனைவரும்."

படித்தார். கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு தடவை பார்த்தார். கேட் பக்கம் ஒரு தடவை பார்த்தார். முப்பத்தைந்து வருஷம் பாங்க்கில் ஃபைல் பார்த்த மனுஷர். வளாகத்தில் யார் யார் தங்கியிருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியாதா?

"பாஷை நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

பெயர்ப் பட்டியல் தயார் செய்யும்போது இருபத்தைந்தாவது பெயர் வந்தது. பெயரை என் பெண் சொன்னாள். இனிஷியல் தெரியவில்லை. மே மாதத்து ஆறு தாள்களும் மினிட்ஸ் புத்தகத்துக்குள்ளேயே இருந்தன. ஒன்றை எடுத்துப் பதினான்காவது ஐட்டத்தைப் பார்த்தேன். அப்பாவின் பெயர் அங்கே இருந்தது, நிறுத்தி நிதானமாக, ஒரு எழுத்துக்கூட மாற்றிப் படிக்க முடியாதபடி.

அவள் அணி நான்காவது இடம்தான் வந்தது. இந்தத் தடவை பட்டியலை இங்கிலீஷிலும் அடித்துக் கொடுத்துவிட்டேன். எல்லோரும் ஓடத் தெரிந்தவர்கள் ஆகிவிட்டார்கள். பதினான்காவது ஐட்டம், பூவரசு இலை. ஆளுக்கொரு பென்சில் பாக்ஸ் கொடுத்தோம். வரிசையில் வந்து வாங்கிக்கொண்டாள். "தேங்க்ஸ் சார்" என்றாள். அவ்வளவுதான்.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். அந்த செப்டம்பர் கூட்டத்தில் செக்ரட்டரி கையெழுத்துப் போட்டு முடித்ததும், "சரி, இந்தத் தடவை ஹன்ட்டை யார் எடுத்துக்கறீங்க?" என்று கேட்டார். வழக்கமான மௌனம். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பி-3 ஆடிட்டர் தும்மினார்.